அறுபது வயதில் இந்தக் கிருமியைக் கிளறலாமா?

கேள்வி: டாக்டர், எனக்கு 61 வயது. பல வருடங்களாக நெஞ்செரிச்சலும் புளித்த ஏப்பமும் உண்டு. காலையில் வெறும் வயிற்றில் ஒரு கேஸ் மாத்திரை போட்டுக்கொண்டே ஓட்டிவிட்டேன். என் அப்பா 67 வயதில் இரைப்பைப் புற்றுநோயில் இறந்தார். அந்தப் பயத்தில்தான் போன மாதம் எண்டோஸ்கோபி செய்துகொண்டேன். பயாப்ஸி ரிப்போர்ட்டில் எச். பைலோரி கிருமி இருக்கிறது, அட்ரோபிக் காஸ்ட்ரைட்டிஸ், இன்டெஸ்டைனல் மெட்டாபிளேசியா என்று போட்டிருக்கிறது. புற்றுநோய் இல்லை என்றார்கள். 14 நாளைக்கு மாத்திரை எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். என் தம்பியோ, "இந்தக் கிருமி பாதி உலகத்து வயிற்றில் இருக்கு அக்கா, அறுபது வயசுக்கு மேல அதைக் கிளறி என்ன ஆகப்போகுது" என்கிறான். மாத்திரைகளை வாங்கி வைத்துவிட்டு இன்னும் ஆரம்பிக்கவில்லை. இது புற்றுநோயாக மாறுமா? இந்த வயதில் சிகிச்சை எடுத்துப் பயன் உண்டா? என் பிள்ளைகள், தம்பி, 85 வயது அம்மா எல்லாரும் பரிசோதித்துக்கொள்ள வேண்டுமா?

பதில்: மாத்திரைகளை ஆரம்பித்துவிடுங்கள், அம்மா. அதற்கு முன் ஒரே ஒரு வேலை. சர்க்கரை, பிரஷர், கொழுப்பு, இதயம் என்று நீங்கள் ஏற்கெனவே சாப்பிடும் மாத்திரைகள் ஏதாவது இருந்தால், எல்லாவற்றையும் எழுதிக்கொண்டு போய், சீட்டு எழுதிக் கொடுத்த மருத்துவரிடம் ஒரு முறை காட்டிவிடுங்கள். உங்கள் கடிதத்தில் அதைப் பற்றி ஒன்றும் இல்லை. ஏன் கேட்கிறேன் என்பது பின்னால் வரும்.

தம்பி சொன்னதில் பாதி சரி. உலகத்தில் கிட்டத்தட்டப் பாதிப் பேரின் இரைப்பையில் இந்தக் கிருமி குடியிருக்கிறது. அவர்களில் பெரும்பாலோர் அது இருப்பதே தெரியாமல் வாழ்ந்து முடிக்கிறார்கள். தொற்று உள்ள நூறு பேரை எடுத்துக்கொண்டால், வாழ்நாள் முழுவதையும் சேர்த்து 10 முதல் 20 பேருக்கு அல்சர் வரலாம். 1 முதல் 3 பேருக்கு இரைப்பைப் புற்றுநோய் வரலாம். ஆகவே ரிப்போர்ட்டில் 'பாசிட்டிவ்' என்று பார்த்த உடனே தூக்கத்தைத் தொலைக்க வேண்டியதில்லை.

அவர் விட்டுவிட்ட மீதிப் பாதி, புற்றுநோய் வந்தவர்கள் பக்கத்திலிருந்து கணக்குப் போட்டால் தெரியும். உணவுக்குழாயோடு சேரும் மேல்முனையை விட்டுவிட்டு, இரைப்பையின் மற்றப் பகுதிகளில் வரும் புற்றுநோய்களில் ஏறக்குறைய பத்தில் ஒன்பதுக்கு இந்தக் கிருமிதான் அடிப்படைக் காரணம். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை 1994-லேயே இதைப் புற்றுநோய்க் காரணிகளின் முதல் பிரிவில், அதாவது சந்தேகத்துக்கு இடமில்லாத பிரிவில் சேர்த்துவிட்டது. ஜப்பானில் வயிற்றுத் தொந்தரவுகளுக்காக வந்த 1,526 பேரைச் சராசரியாக 7.8 வருடங்கள் தொடர்ந்து கவனித்த ஆய்வு ஒன்று 2001-இல் வெளியானது. அவர்களில் கிருமி இருந்தவர்கள் 1,246 பேர். 36 பேருக்குப் புற்றுநோய் வந்தது. கிருமி இல்லாத 280 பேரில் ஒருவருக்குக்கூட வரவில்லை. கிருமி இருப்பவர்களில் வெகு சிலருக்குத்தான் புற்றுநோய் வருகிறது, ஆனால் வருகிறவர்களில் மிகப் பெரும்பாலோரிடம் கிருமி இருக்கிறது. உங்கள் தம்பி முதல் பாதியைப் படித்துவிட்டு நிறுத்திக்கொண்டார்.

இந்தக் கிருமி எப்படிப்பட்டது என்று கொஞ்சம் சொன்னால்தான் வயதுக் கணக்கு புரியும். 1980-கள் வரை இரைப்பையில் எந்தக் கிருமியும் பிழைக்க முடியாது என்றுதான் மருத்துவக் கல்லூரிகளில் சொல்லிக் கொடுத்தார்கள். அத்தனை அமிலம். ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் ராபின் வாரன் என்ற நோய்க்குறியியல் மருத்துவர், அழற்சி கண்ட இரைப்பைத் துண்டுகளில் வளைந்த வடிவக் கிருமிகள் திரும்பத் திரும்பத் தென்படுவதைக் கவனித்தார். பேரி மார்ஷல் என்ற இளம் மருத்துவர் அவரோடு சேர்ந்துகொண்டார். 1982-இல் ஈஸ்டர் விடுமுறைக்காக, வழக்கத்தைவிட அதிக நாட்கள் வளர்ப்புத் தட்டுகள் அப்படியே கிடந்தபோதுதான் கிருமி முதன்முதலாக வளர்ந்தது. யாரும் நம்பாததால் 1984-இல் மார்ஷல் அந்தக் கிருமிக் கரைசலைத் தானே குடித்துவிட்டு, தன் இரைப்பையில் அழற்சி வந்ததைக் காட்டினார். 2005-இல் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. (நீங்கள் வீட்டில் செய்து பார்க்கக்கூடிய சோதனை இல்லை இது.)

அமிலத்தில் அது பிழைப்பது யூரியேஸ் என்ற நொதியால். அந்த நொதி யூரியாவை உடைத்து அம்மோனியாவாக்குகிறது. கிருமியைச் சுற்றியுள்ள அமிலம் அந்த அம்மோனியாவில் மட்டுப்படுகிறது. அந்த இடைவெளியில் கிருமி தன் வால்களைச் சுழற்றிக்கொண்டு, இரைப்பையின் உட்சுவரை மூடியிருக்கும் சளிப் படலத்துக்குள் புகுந்துவிடும். அங்கே அமிலம் குறைவு. அப்புறம் அதை யாரும் வெளியேற்றுவதில்லை. உடலின் எதிர்ப்பு அணுக்கள் வந்து சண்டை போடுகின்றன, ஆனால் ஜெயிப்பதில்லை. நடப்பது முடிவில்லாத ஒரு சண்டை. சேதம் எல்லாம் அந்தச் சுவருக்குத்தான்.

பெரும்பாலும் இந்தத் தொற்று சிறு வயதிலேயே வந்துவிடுகிறது. வீட்டுக்குள்ளேயே, பெரியவர்களிடமிருந்தோ கூடப் பிறந்தவர்களிடமிருந்தோ தொற்றுவதுதான் அதிகம். அப்படியானால் உங்கள் வயிற்றில் இருக்கும் கிருமிக்கும் ஏறத்தாழ ஐம்பத்தைந்து வயது இருக்கும். நான் உங்களிடம் முக்கியமாகச் சொல்ல நினைப்பது இதுதான்: உங்கள் 61 வயதைவிட, கிருமியோடு கழிந்த அந்த ஐம்பத்தைந்து வருடங்கள்தான் கணக்கில் பெரிது.

இதை ஏன் இத்தனை அழுத்திச் சொல்கிறேன் என்றால், வயதானால் இரைப்பை தானாகவே 'காய்ந்துபோகும்', அமிலம் குறையும், ஜீரணம் மந்தமாகும் என்று மருத்துவர்களே நெடுங்காலம் நம்பியிருந்தார்கள். பிறகு வயதானவர்களைக் கிருமி உள்ளவர்கள், இல்லாதவர்கள் என்று பிரித்துப் பார்த்தபோது வேறு விஷயம் தெரிந்தது. இரைப்பைச் சுவர் தேயாதவர்களுக்கு முதுமையிலும் அமிலம் நன்றாகவே சுரக்கிறது. அமிலம் குறைந்தவர்களில் பெரும்பாலோருக்கு அதற்குக் காரணம் சுவர்த் தேய்மானம். அந்தத் தேய்மானத்துக்குப் பெரும்பாலும் காரணம் இந்தக் கிருமி. 'வயசாயிடுச்சு' என்று நாம் எழுதிவைத்த கணக்கில் ஒரு பகுதி தொற்று நோயின் கணக்கு.

உங்கள் ரிப்போர்ட்டில் இருக்கும் இரண்டு பெரிய பெயர்களும் இந்தத் தேய்மானத்தின் படிகள். கொலம்பியாவைச் சேர்ந்த பெலாயோ கொரியா என்ற மருத்துவர் 1975-இல் இந்தப் படிகளை வரிசைப்படுத்திச் சொன்னார். கிருமி கண்டுபிடிக்கப்படுவதற்கு முன்பே! முதலில் வெறும் அழற்சி. அது பல வருடங்கள் நீடித்தால், அமிலமும் செரிமானச் சாறும் சுரக்கும் சுரப்பிகள் ஒவ்வொன்றாக அழிந்து சுவர் மெலிகிறது. அட்ரோபிக் காஸ்ட்ரைட்டிஸ் என்று போட்டிருப்பது இதைத்தான். மெலிந்த இடத்தில் இரைப்பையின் செல்களுக்குப் பதிலாகக் குடலின் செல்களைப் போன்றவை முளைக்கத் தொடங்குகின்றன. இன்டெஸ்டைனல் மெட்டாபிளேசியா அதுதான். அடுத்த படி டிஸ்பிளேசியா, அதாவது செல்களின் உருவமே ஒழுங்கு குலைவது. அதற்கும் அடுத்ததுதான் புற்றுநோய். ஒரு படியிலிருந்து அடுத்த படிக்குப் போகப் பல வருடங்கள், பல சமயம் பத்தாண்டுகள் ஆகின்றன. வழியில் எங்கேயோ நின்றுவிடுபவர்கள்தான் அதிகம். நீங்கள் மூன்றாவது படியில் இருக்கிறீர்கள். நான்காவது உங்கள் ரிப்போர்ட்டில் இல்லை. அதை இன்னொரு முறை எடுத்துப் பார்த்து உறுதி செய்துகொள்ளுங்கள். டிஸ்பிளேசியா என்ற சொல் அதில் வந்தால் 'இல்லை' என்ற குறிப்போடுதான் வந்திருக்க வேண்டும்.

ஒரு விசித்திரத்தையும் இங்கே சொல்ல வேண்டும். சிறுகுடலின் தொடக்கத்தில் அல்சர் வந்தவர்களுக்கு இரைப்பைப் புற்றுநோய் வருவது குறைவு. நான் சொன்ன ஜப்பானிய ஆய்வில் அந்த வகை அல்சர் இருந்த 275 பேரில் ஒருவருக்கும் புற்றுநோய் வரவில்லை. அவர்களிடம் கிருமி இரைப்பையின் கீழ்ப்பகுதியில் மட்டும் தொந்தரவு செய்கிறது. மேலே அமிலம் சுரக்கும் பகுதி நன்றாக இருப்பதால் அமிலம் பொங்கி அல்சர் வருகிறது. கிருமி மேல்பகுதிக்கும் பரவி, அமிலச் சுரப்பிகளையே அழித்தவர்களிடம்தான் புற்றுநோய் ஆபத்து கூடுகிறது. அவர்களுக்கு வயிற்று எரிச்சலே இல்லாமல் போகலாம். பல வருட எரிச்சல் அதுவாகவே அடங்கிவிட்டது என்று யாராவது சந்தோஷமாகச் சொன்னால், நான் உடனே சந்தோஷப்படுவதில்லை.

தினமும் காலையில் நீங்கள் போடும் மாத்திரை இந்த இடத்தில்தான் வருகிறது. அமிலத்தைக் குறைக்கும் மாத்திரைகள் நல்ல மருந்துகள். ஆனால் கிருமியை வைத்துக்கொண்டே வருடக்கணக்கில் அவற்றைப் போட்டால், அழற்சி கீழ்ப்பகுதியிலிருந்து மேல்பகுதிக்கு நகர்வது பல ஆய்வுகளில் தெரிந்திருக்கிறது. அதனால்தான் நீண்ட காலம் இந்த மாத்திரை தேவைப்படுபவர்களுக்கு முதலில் கிருமியைத் தேடி ஒழிக்கச் சொல்கிறோம். உங்கள் விஷயத்தில் வரிசை மாறிவிட்டது. அதற்காக வருத்தப்பட வேண்டாம். யாராவது முன்பே இந்தக் கிருமியைக் காட்டும் மூச்சுப் பரிசோதனை ஒன்றை எழுதிக் கொடுத்திருக்கலாம், அவ்வளவுதான்.

சரி, கேள்விக்கு வருவோம். இத்தனை வருடச் சேதத்துக்குப் பிறகு, 61 வயதில் கிருமியை ஒழித்தால் பயன் உண்டா?

உங்கள் தம்பியின் சந்தேகம் மருத்துவர்களுக்கும் இருந்தது. சீனாவின் ஃபூஜியான் மாகாணத்தில் 1,630 பேரிடம் நடந்த ஒரு சோதனையின் முடிவு 2004-இல் வெளியானது. மொத்தமாகப் பார்த்தால், சிகிச்சை எடுத்தவர்களுக்கும் எடுக்காதவர்களுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. தேய்மானமோ மெட்டாபிளேசியாவோ இன்னும் தொடங்காதவர்களிடம் மட்டுமே பலன் தெரிந்தது. அதிலிருந்து, ஒரு படியைத் தாண்டிவிட்டால் பிறகு சிகிச்சை வீண் என்ற எண்ணம் பரவியது. இன்றும் சிலர் அப்படிச் சொல்லக் கேட்கலாம்.

அதை அசைத்தது சீனாவிலேயே, ஷான்டோங் மாகாணத்தின் லின்சூ பகுதியில் 1995-இல் தொடங்கிய இன்னொரு சோதனை. இரண்டே வாரம் மாத்திரை கொடுத்துவிட்டு 22 வருடங்கள் கவனித்தார்கள். சிகிச்சை எடுத்தவர்களிடம் இரைப்பைப் புற்றுநோய் ஏறக்குறையப் பாதியாகக் குறைந்திருந்தது. இடையில் வயதுவாரியாகப் பிரித்துப் பார்த்தபோது, 55 வயதுக்கு மேற்பட்டவர்களிடமும், ஏற்கெனவே மெட்டாபிளேசியா போன்ற மாற்றங்கள் இருந்தவர்களிடமும் பலன் தெளிவாகவே தெரிந்தது. முதல் சோதனை ஏமாற்றியதற்கு ஒரு காரணம், அது கவனித்த காலம் குறைவு. மெதுவாக வரும் நோயைத் தடுத்தோமா என்று பார்க்கப் பொறுமை வேண்டும்.

உங்களுக்கென்றே செய்தது போல் ஒன்று கொரியாவில் நடந்தது. பெற்றோருக்கோ உடன்பிறந்தவர்களுக்கோ இரைப்பைப் புற்றுநோய் வந்த, 40 முதல் 65 வயது வரையிலான, கிருமி உள்ளவர்களை மட்டும் எடுத்துக்கொண்டார்கள். 2020-இல் முடிவு வெளியானது. ஏறக்குறைய 9 வருடங்களில், சிகிச்சை எடுத்த 832 பேரில் 10 பேருக்கும், மருந்தில்லாத போலி மாத்திரை எடுத்த 844 பேரில் 23 பேருக்கும் புற்றுநோய் வந்தது. சிகிச்சைப் பிரிவில் வந்த அந்தப் பத்துப் பேரில் ஐந்து பேருக்குக் கிருமி முழுதாகப் போகவில்லை. இதை இரண்டு விதமாகப் பாருங்கள். மருந்தே எடுக்காத, நெருங்கிய குடும்பத்தில் புற்றுநோய் வந்த 844 பேரில்கூட 821 பேருக்கு அந்தக் காலத்தில் ஒன்றும் வரவில்லை. அந்த ஆறுதல் உங்களுக்கும் உண்டு. அதே சமயம், ஒரு சுற்று மாத்திரையில் ஆபத்து பாதிக்கும் கீழே போகிறது என்றால் அதை விடுவதற்கு எனக்குக் காரணம் தெரியவில்லை.

கிருமி போனால் எல்லாம் பழையபடி ஆகிவிடுமா? ஆகாது. கரையான் அரித்த உத்தரத்தில் கரையானை ஒழித்தால் அரிப்பு நிற்கும்; அரித்த இடம் நிரம்புவதில்லை. மெலிந்த சுவர் ஓரளவு தேறுவதுண்டு. கொரியாவில் ஆரம்ப நிலைப் புற்றுநோயை எண்டோஸ்கோபி வழியாக அகற்றிய நோயாளிகளிடம் நடந்த சோதனையில், கிருமியை ஒழித்தவர்களில் கிட்டத்தட்டப் பாதிப் பேருக்குச் சுவர் மெலிவு குறைந்திருந்தது; மற்றவர்களில் அது 15 சதவீதம்தான். மெட்டாபிளேசியா அவ்வளவு எளிதில் மறைவதில்லை. இன்னும் உள்ளே போனால், நீண்ட கால அழற்சி செல்களின் டிஎன்ஏ மீது மெத்தில் என்ற சிறு வேதிக் குறிகளை ஏற்றிவிடுகிறது. வயதாக ஆக இந்தக் குறிகள் எல்லாருக்கும் மெதுவாக ஏறும். கிருமி உள்ள இரைப்பையில் வேகமாக ஏறுகின்றன. புற்றுநோயை அடக்கிவைக்கும் சில மரபணுக்கள் அதனால் வாயடைத்துப் போகின்றன. சிகிச்சைக்குப் பிறகு இந்தக் குறிகள் குறைகின்றன, ஆனால் கிருமியே வராதவர்களின் அளவுக்கு இறங்குவதில்லை.

அதனால் சிகிச்சை முடிந்த பிறகும் உங்களுக்குக் கண்காணிப்பு தேவைப்படலாம். எத்தனை வருடத்துக்கு ஒரு முறை என்பது மெட்டாபிளேசியா எங்கே இருக்கிறது என்பதைப் பொறுத்தது. கீழ்ப்பகுதியில் மட்டும் இருந்து, குடும்பத்தில் யாருக்கும் புற்றுநோய் இல்லை என்றால் பலருக்கு மறுபடி எண்டோஸ்கோபியே வேண்டாம் என்று விட்டுவிடுவோம். உங்கள் அப்பாவின் காரணத்தால் உங்களை அப்படி விட முடியாது. கீழ்ப்பகுதியில் மட்டும் இருந்தாலும் மூன்று வருடத்துக்கு ஒரு முறை பார்ப்பது நல்லது. மேல்பகுதியிலும் பரவியிருந்தால், குடும்ப வரலாற்றோடு சேர்த்து ஒன்று அல்லது இரண்டு வருடத்துக்கு ஒரு முறை என்று ஐரோப்பிய வழிகாட்டுதல்கள் சொல்கின்றன. ஆகவே உங்கள் மருத்துவரிடம் இப்படிக் கேளுங்கள்: "மேல்பகுதியிலிருந்தும் கீழ்ப்பகுதியிலிருந்தும் தனித்தனியாகத் துண்டு எடுத்து, தனித்தனிக் குப்பியில் அனுப்பினீர்களா?" எல்லாத் துண்டுகளையும் ஒரே குப்பியில் போட்டிருந்தால் எது எங்கிருந்து வந்தது என்று யாராலும் சொல்ல முடியாது. அப்படியானால் அடுத்த எண்டோஸ்கோபியை முறையாகச் செய்யச் சொல்லுங்கள். அவசரமில்லை, ஆனால் மறந்துவிடவும் கூடாது.

இப்போது அந்த 14 நாள். இது சுகமான இரண்டு வாரமாக இருக்காது, முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். கைநிறைய மாத்திரைகள் இருக்கும். வாயில் உலோகக் கசப்பு நிற்கும். வயிறு கொஞ்சம் இளகும். பிஸ்மத் உள்ள மருந்தாக இருந்தால் நாக்கும் மலமும் கருப்பாகும். அது மருந்தின் நிறம், பயப்பட வேண்டாம். மலம் தார் போலப் பிசுபிசுப்பாக, கடும் நாற்றத்தோடு போய், தலைசுற்றலும் சேர்ந்துகொண்டால் மட்டும் அது ரத்தப்போக்காக இருக்கலாம். உடனே மருத்துவமனைக்குப் போங்கள். டெட்ராசைக்ளின் இருந்தால் அதைப் பாலோடும், கால்சியம், இரும்புச்சத்து மாத்திரைகளோடும் சேர்த்து விழுங்காதீர்கள். சில மணி நேரம் இடைவெளி விடுங்கள். கிளாரித்ரோமைசின் இருந்தால் சில கொழுப்பு மாத்திரைகளோடும் சில இதய மாத்திரைகளோடும் மோதும். ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் எடுப்பவர்களுக்கு இந்தச் சீட்டில் வழக்கமாக இருக்கும் மருந்துகளில் ஒன்றிரண்டு அதன் வேகத்தைக் கூட்டிவிடும். முதலில் உங்கள் மருந்துப் பட்டியலைக் கேட்டது இதற்காகத்தான். அறுபதுக்கு மேல் சிகிச்சையில் எனக்கு உண்மையான கவலை இது ஒன்றுதான். பென்சிலின் ஒவ்வாமை இருந்தால் அதையும் சொல்லிவிடுங்கள்.

ஐந்தாறு நாளில் வயிறு நன்றாக இருக்கிறது என்று நிறுத்திவிடுபவர்கள் நிறைய. அரைகுறையாக விட்டால் பிழைத்த கிருமிகள் அந்த மருந்துக்கு அடங்காதவையாகிவிடும். அடுத்த முறை வேறு மருந்து தேட வேண்டியிருக்கும். தாங்கவே முடியவில்லை என்றால் நீங்களாக நிறுத்தாமல் மருத்துவரிடம் ஒரு போன் போடுங்கள். குடலின் நல்ல கிருமிகளும் இதில் கொஞ்சம் அடிபடத்தான் செய்யும். சில மாதங்களில் பெரும்பாலும் பழைய நிலைக்கு வந்துவிடுகின்றன.

மாத்திரை முடிந்ததோடு கதை முடிவதில்லை. கிருமி போய்விட்டதா என்று சோதித்தே ஆக வேண்டும். இதைத்தான் பாதிப் பேர் விட்டுவிடுகிறார்கள், எனக்குக் கோபம் வரும் இடமும் இதுதான். மருந்து முடிந்து குறைந்தது நான்கு வாரம் கழித்து மூச்சுப் பரிசோதனையோ மலப் பரிசோதனையோ செய்யுங்கள். அதற்கு முந்தைய இரண்டு வாரம் உங்கள் காலை மாத்திரையை நிறுத்தியிருக்க வேண்டும். இல்லாவிட்டால் கிருமி பதுங்கிக்கொண்டு 'இல்லை' என்று தவறாக வரும். அந்த நாட்களில் எரிச்சல் வந்தால் திரவ வடிவ ஆன்டாசிடைக் குடித்துச் சமாளிக்கலாம். ரத்தத்தில் எதிர்ப்பொருள் பார்க்கும் சோதனையை யாராவது எழுதினால் வேண்டாம் என்று சொல்லுங்கள்; கிருமி போன பிறகும் அது மாதக்கணக்கில், வருடக்கணக்கில் 'பாசிட்டிவ்' காட்டும். சோதனையில் கிருமி இன்னும் இருந்தால் வேறு மருந்துகளோடு இரண்டாவது சுற்று உண்டு. ஒரு முறை போய்விட்டால் பெரியவர்களுக்கு அது திரும்ப வருவது அபூர்வம்.

இதோடு ஹீமோகுளோபினும் பி12 அளவும் பாருங்கள். சுவர் மெலிந்த இரைப்பை பி12-ஐயும் இரும்புச்சத்தையும் சரியாக எடுக்க விடாது. சோர்வு, மறதி, கால் மரத்துப்போவது எல்லாவற்றையும் வயதின் மேல் போட்டுவிட்டுச் சும்மா இருந்துவிடுகிறோம். உப்பில் ஊறிய உணவுகளைக் குறையுங்கள். புகை பிடிப்பவர் யாராவது வீட்டில் இருந்தால் அவர் விடட்டும். இரண்டும் இந்த ஆபத்தைக் கூட்டுபவை. காரணமில்லாமல் எடை குறைவது, விழுங்கச் சிரமம், கொஞ்சம் சாப்பிட்டதும் வயிறு நிறைந்துவிடுவது, தொடர் வாந்தி, கருப்பு மலம், ரத்தசோகை, இவற்றில் எது வந்தாலும் அடுத்த எண்டோஸ்கோபி தேதிக்குக் காத்திருக்காதீர்கள்.

இனி குடும்பம். தம்பிக்கும் அவர்தானே அப்பா? உங்களுக்குச் சொன்ன ஆபத்து அவருக்கும் அப்படியே பொருந்தும். கிளற வேண்டாம் என்று சொன்னவரையே முதலில் சோதனைக்கு அனுப்புங்கள். நாற்பதைத் தாண்டியவர் என்றால் மூச்சுப் பரிசோதனையோடு நிறுத்தாமல் ஒரு முறை எண்டோஸ்கோபியும் செய்துகொள்வது நல்லது. நெடுநாள் தொற்றில் சுவர் மிகவும் தேய்ந்துபோனால் கிருமியே அங்கே வாழ முடியாமல் போய்விடும்; சோதனை 'இல்லை' என்று சொல்லும், ஆபத்து மட்டும் அங்கேயே இருக்கும். அவர் வயதில் அதைக் கண்ணால் பார்த்துவிடுவது மேல்.

பிள்ளைகளிடம் கிருமி உங்களிடமிருந்தே போயிருக்க வாய்ப்பு உண்டு. வளர்ந்தவர்கள் என்பதால் மூச்சு அல்லது மலப் பரிசோதனை போதும், இருந்தால் ஒழித்துவிடலாம். தொந்தரவு எதுவும் இல்லாதவரை அவர்களுக்கு எண்டோஸ்கோபி தேவையில்லை. அவர்கள் வயதில் சுவர் தேய்வதற்கு முன்பே கிருமியை எடுத்துவிட்டால் கிடைக்கும் பாதுகாப்பு, உங்களுக்கும் எனக்கும் கிடைப்பதைவிட அதிகம். பேரக் குழந்தைகளை இப்போது விட்டுவிடுங்கள். வயிற்றில் தொந்தரவு இல்லாத சிறு பிள்ளைகளுக்குத் தேடிப் போய்ச் சோதிப்பதில்லை.

அம்மாவுக்கு 85. புற்றுநோயைத் தடுப்பதற்காக மட்டும் என்றால் நான் அவரைத் தொட மாட்டேன். அந்தப் பலன் கைக்கு வரப் பத்து வருடமாவது ஆகும். நான்கைந்து மருந்துகளின் தொல்லை நாளைக்கே வந்துவிடும். நன்றாகச் சாப்பிட்டுக்கொண்டு நடமாடுகிறார் என்றால் அப்படியே இருக்கட்டும். இதயத்துக்காகவோ பக்கவாதத்துக்காகவோ அவர் தினமும் ஆஸ்பிரின் எடுத்தாலோ, மூட்டுவலி மாத்திரைகளை வழக்கமாகப் போட்டாலோ விஷயம் வேறு. கிருமியும் அந்த மாத்திரைகளும் சேர்ந்தால் அல்சரில் ரத்தம் கசியும் ஆபத்து கூடும், அந்த வயதில் அது உயிருக்கே உலை வைக்கும். அப்படி ஏதாவது எடுக்கிறார் என்றால் மலப் பரிசோதனை ஒன்று செய்துவிட்டு, அவருடைய மாத்திரைச் சீட்டின் நகலோடு எனக்கு மறுபடி எழுதுங்கள்.